ஜாடி விலையும் முரளி சாரும்

முரளிதரன் சாரிடம் ஒரு விலையைச் சொன்னால் முதலில் அவருக்குக் காது கேட்காது. அதில் பாதியைச் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார். அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் குவாண்டிட்டி சர்வேயர். ஒரு கட்டடத்துக்கு எத்தனை டன் கம்பி, எத்தனை லாரி கான்கிரீட், அதில் காண்ட்ராக்டர் எவ்வளவு கூட்டிச் சொல்கிறான் என்று பார்த்து வெட்டுவது அவர் வேலை. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்களே, வெட்டிய கையும் அப்படித்தான் போலிருக்கிறது. முடிவெட்டும் பாகிஸ்தானியிடம் வழுக்கையைத் தடவிக் காட்டி, "ஆகே மாஃபி பாய், பைசா கம் கரோ", முன்னால் முடியே இல்லை, காசைக் குறை என்று கேட்டுக் குறைத்தவர். பல் டாக்டரிடம் போய் இரண்டு பல்லைச் சேர்த்துப் பிடுங்கினால் மொத்த விலை உண்டா என்று விசாரித்தவர். போக்குவரத்து அபராதத்தைச் சீக்கிரம் கட்டினால் கழிவு தருகிறார்கள் என்று தெரிந்த நாளில், இந்த நாட்டின் மேல் அவருக்கு மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

நான் இளவேனில். சொந்த ஊர் மதுரை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேதியியல் பிரிவில் வேலை. என் கணவர் பாலாவுக்கு பியர் வாசனையே ஆகாது. எனக்கு நல்ல பியர் என்றால் உயிர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்கே புரிய நாற்பது வயது ஆனது. எங்கள் கூட்டத்தில் நாலு பேர். வங்கியில் ஆடிட்டராக இருக்கும் கோயம்புத்தூர் பாஸ்கர், பாலம் கட்டும் நாகர்கோவில் ஜெயசீலன், நான், திருச்சி முரளி சார். சனிக்கிழமை சாயந்திரமானால் கடலை ஒட்டி இருக்கும் ஒரு சின்ன பியர் ஆலையில் மூலை மேசையைப் பிடித்துவிடுவோம். அங்கேயே காய்ச்சி, அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுப்பார்கள். கோதுமை பியர், பேரீச்சம்பழம் போட்ட கறுப்பு பியர், மழைக்காலம் என்று இங்கே எதைச் சொல்கிறார்களோ அந்த நாலு நாளில் மட்டும் கரக் என்கிற இந்த ஊர் ஏலக்காய் டீயின் மசாலா போட்ட ஒன்று.

வீட்டுக்கு எடுத்துப் போக ஜாடி உண்டு. குரோலர் என்பது அதன் பெயர். கழுத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம், பழுப்புக் கண்ணாடி, இரண்டு லிட்டர் பிடிக்கும். ஒருமுறை ஜாடியை விலைக்கு வாங்கிவிட்டால் அப்புறம் நிரப்புகிற காசு மட்டும்தான். இந்த ஊரில் ஒரு வாய் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டாலும் வேலை, விசா எல்லாம் போய்விடும். அதனால் மற்ற ஊர்களில் ஆசைக்கு வாங்குகிற ஜாடியை நாங்கள் அவசியத்துக்கு வாங்குகிறோம். கடையில் ஆளுக்கு ஒரு கிளாஸ், பிறகு ஜாடியை நிரப்பிக்கொண்டு, முரளி சார் வண்டியில் வீடு.

முரளி சார் வண்டி ஓட்டலாம். ஏனென்றால் அவர் குடிப்பதில்லை. போன வருஷம் டாக்டர் அவருடைய ஈரலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் வாரத்துக்கு ஒன்றாவது என்று பேரம் பேசிப் பார்த்தார். அவர் தோற்ற ஒரே பேரம் அதுதான். அன்றோடு விட்டார். ஆனால் சனிக்கிழமையை விடவில்லை. எங்களோடு வருவார், இஞ்சி சோடா ஒன்று வாங்கிக்கொள்வார், எங்கள் கிளாஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, "இந்தத் தடவை ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்று தீர்ப்பு சொல்லித் திருப்பித் தருவார். தன் ஜாடியையும் விடாமல் நிரப்புவார். அதை எங்கள் மூன்று பேர் வீட்டுக்கும் முறை வைத்துக் கொடுத்துவிடுவார். காசு தருகிறோம் என்றால் கோபம் வரும்.

மனைவி ஜெயலட்சுமியும் மகள் ஷ்ருதியும், மகளுடைய காலேஜ் படிப்புக்காகத் திருச்சிக்குப் போய்விட்டார்கள். இவர் முசஃபா பக்கத்தில் ஒற்றை அறை ஃபிளாட்டில் இருக்கிறார். ஒருநாள் எங்கள் எதிரிலேயே போட்டிம் ஆப் வீடியோ காலில் ஜெயலட்சுமி அக்கா கேட்டார்.

"குடிக்கவும் இல்ல, கொள்ளவும் இல்ல. அப்புறம் எதுக்கு வாராவாரம் அங்க போய் உக்காந்துருக்கீங்க?"

"நான் போகலன்னா இவங்களுக்கு யாரு வண்டி ஓட்டுறது?" என்றார் முரளி சார்.

உண்மை அதுவல்ல என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மேசையை விட்டால் அவருக்கு இந்த ஊரில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. வாரம் முழுக்க ஆபீசில் கான்கிரீட்டோடு சண்டை, ராத்திரி தனியாகத் தோசை. சனிக்கிழமை சாயந்திரம்தான் அவர் மனுஷராக இருப்பது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் மண் விழுந்தது போன மாசம். கடை மேனேஜர் மரிசெல், பிலிப்பைன்ஸ் பெண், கரும்பலகையில் பழைய விலையை அழித்துப் புது விலை எழுதினாள். ஜாடி நிரப்பும் விலை ஏறியிருந்தது. சும்மா ஏறவில்லை. முன்பெல்லாம் கிளாஸில் குடிப்பதைவிட ஜாடியில் வாங்கினால் லிட்டருக்கு நல்ல லாபம். இப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்று ஆகிவிட்டது.

பாஸ்கர் கொதித்துப் போனார். "ஏனுங்க, ஜாடியில வாங்குறவனுக்கு இவங்க கிளாஸ் கழுவுறாங்களா? ஏசி போடுறாங்களா? இங்க வாசிக்கிற கிடார்காரனுக்குச் சம்பளம் நாமளா குடுக்கோணும்? வெறும் பியருக்கு மட்டும் காசு கேட்டா நாயம்."

"நிரப்புறப்ப நுரையா வழிஞ்சு எவ்வளவு வீணாப் போகுதுன்னு பாத்திருக்கீங்களா?" என்றேன் நான். எனக்கு உள்ளுக்குள் விலை அநியாயமாகப் படவில்லை. சின்னக் கடை, கையால் காய்ச்சுகிறார்கள், இந்த வெயிலில் அதைக் குளிராக வைத்திருப்பதே பெரிய பாடு.

"வழிஞ்சது அவங்க குழாய்க் கோளாறு, நம்ம தலையில எதுக்குக் கட்டோணும்?" என்றார் பாஸ்கர்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல பாத்துக்கிடுங்க," என்றார் ஜெயசீலன். "ஜாடி நம்ம ஜாடிதானே? அதுக்கு ஏதாவது கழிச்சாங்களா?"

முரளி சாருக்குக் குஷி தாங்கவில்லை. டாக்டர் பியரைத்தான் நிறுத்தச் சொன்னார், பேரத்தை அல்லவே. மால்ட் என்ன விலை, கப்பல் கூலி என்ன, கரன்ட் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக உடைத்து, தொழிலில் செய்கிற ரேட் அனாலிசிஸ் போலவே கணக்குப் போட்டு, கடைசியில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம் என்று அறிவித்தார். பிறகு மரிசெல்லைக் கூப்பிட்டு, கரும்பலகையைக் காட்டி, இது முதல் கொட்டேஷன்தானே, ரிவைஸ்ட் கொட்டேஷன் எப்போது வரும் என்று கேட்டார். மரிசெல் பாவம், "அது மெனு, சர் முரளி" என்றாள். எழுதி வைத்த எந்த விலையும் இறுதி விலை அல்ல என்று நம்புகிறவருக்கு மெனு என்றால் என்ன புரியும்?

அங்கேதான் பாஸ்கர் அந்த யோசனையைச் சொன்னார். "நாம எதுக்குங்க இவங்க கால்ல விழோணும்? பக்கத்து எமிரேட் உம் அல் குவைன் போனா வரியில்லாம கிடைக்குது. இதே மாதிரி கையால காய்ச்சுன பியரே டின்ல இருக்குது. ஒருக்கா போய் மொத்தமா அள்ளிட்டு வந்துரலாம். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம். அப்பத் தெரியும் இவங்களுக்கு."

நாலு பேரும் கையைத் தூக்கினோம். எல்லாரையும் முந்திக் கையைத் தூக்கியவர் முரளி சார். தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே அறுக்கிறோம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை கிளம்பினோம். அபுதாபியிலிருந்து துபாய் தாண்டி, ஷார்ஜா தாண்டிப் போக வேண்டும். போகும்போது பாட்டும் கூத்தும்தான். வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் ஷார்ஜா ஞாபகம் வந்தது. ஷார்ஜாவில் மது கூடாது. அந்த எல்லைக்குள் வண்டியில் வைத்திருந்தாலே வம்பு என்று ஆளாளுக்கு ஒரு கதை கேட்டிருக்கிறோம். டிக்கியில் பெட்டி பெட்டியாக அடுக்கி, மேலே என் வீட்டு ஜமுக்காளத்தைப் போட்டு, அதற்கு மேல் ஒரு பை வெங்காயம் வைத்திருந்தோம். ஷார்ஜா வந்ததும் ஜெயசீலன் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். பெரிய பாலங்களைக் கடல் மேல் தூக்கி நிறுத்துகிற மனுஷன், பின்னால் ஒரு போலீஸ் வண்டி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, தேவாலயம் போகாத நாளுக்கெல்லாம் சேர்த்து ஜெபிக்க ஆரம்பித்தார். அந்த வண்டி எங்களைத் தாண்டி ஏதோ பெட்ரோல் பங்கில் போய் நின்றது. கரக் வாங்கத்தான் போலிருக்கிறது.

பெட்ரோல், டோல், வழியில் நாலு பேர் சாப்பாடு, பயத்தில் ஜெயசீலன் தலைவலி மாத்திரை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்குத்தான். ஆனாலும் ஜெயித்த களிப்பு குறையவில்லை. முரளி சார் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கி, பெட்டியை லிஃப்ட் வரை தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அவருக்கென்று ஒரு பெட்டியும் இல்லை. வெங்காயப் பை மட்டும் வண்டியில் மிஞ்சியது. அதை அவரையே எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் நான் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு டின்னை எடுத்து உடைத்த நேரம் போன் வந்தது.

"இளவேனில், கிளம்பியாச்சா?"

"எங்க சார்?"

அந்தப் பக்கம் பின்னணியில் யாரோ கிடார் வாசிப்பது கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கேட்டேன். பியர் எப்படி இருக்கு?"

"பரவால்ல சார். கொஞ்சம் தகர வாசனை."

"டின் இல்லையா, அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அந்த டின்னைக் குடிக்கப் பிடிக்கவில்லை. பாஸ்கருக்குப் போன் செய்தேன். அவர் வீட்டில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தார். ஜெயசீலன் டிவி முன்னால் குடித்துத் தூங்கிவிட்டதாக அவர் மனைவி சொன்னார். எல்லாருக்கும் வீடு இருந்தது, வீட்டில் ஆள் இருந்தது, ஃப்ரிட்ஜில் பியரும் இருந்தது. சனிக்கிழமை காணாமல் போனது முரளி சாருக்கு மட்டும்தான். அதை பாஸ்கரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவரு ஜாலியா இருப்பாருங்க. வண்டி ஓட்டுற வேலை மிச்சம்," என்றார். ஆடிட்டருக்கு எல்லாமே மிச்சம்தான்.

வாரக் கடைசியில் முரளி சாரிடமிருந்து குரூப்பில் செய்தி வந்தது. கடைக்காரர்கள் இறங்கி வருகிறார்கள், சனிக்கிழமை இறுதிப் பேச்சுவார்த்தை, நாலு பேரும் கட்டாயம் வர வேண்டும், காலி ஜாடியோடு வரவும். பாஸ்கர் மூன்று கைதட்டல் போட்டார். பகிஷ்கரிப்புக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

போனோம். கடையில் கூட்டம் நெரிந்தது. மூலை மேசை மட்டும் காலியாக இருந்தது. முரளி சார் எங்களுக்கு முன்பே வந்து, வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, டெண்டர் கமிட்டி தலைவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மரிசெல் வந்து நின்றாள். அவள் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் சொல்கிறேன்.

"சர் முரளி, முதலாளியிடம் பேசிவிட்டேன். உங்கள் நாலு பேருக்கும் பழைய விலையே."

பாஸ்கர் மேசையைத் தட்டினார்.

"இன்னும் இருக்கிறது," என்றாள் மரிசெல். "நீங்கள் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். சனிக்கிழமை காலையில் எங்கள் வண்டி வரும். காலி ஜாடியை வாங்கிக்கொண்டு, நிரப்பிய ஜாடியை வீட்டு வாசலிலேயே கொடுத்துவிடும். டெலிவரிக்குக் காசு கிடையாது."

"அடி சக்கை!" என்றார் பாஸ்கர். "முரளி சார், நீங்க மனுசனே இல்லீங்க. ஊட்டுக்கே வருதாம்! இனி யாரும் வண்டி எடுக்க வேண்டியதே இல்ல."

நான் முரளி சார் முகத்தைப் பார்த்தேன். கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு. ஒரு குவாண்டிட்டி சர்வேயர் ஓய்வு பெறும் நாள் வரை சொல்லிச் சொல்லிப் பெருமைப்படக்கூடிய வெற்றி. அவர் முகமோ வேலை போன கடிதம் வந்தவர் மாதிரி இருந்தது.

"டெலிவரி சரிப்படாது," என்றார்.

"ஏனுங்க?"

"வண்டியில குலுங்கினா நுரை போயிடும்."

"உங்க வண்டியில மட்டும் குலுங்காதுங்களா?"

"நான் ரோட்டு ஹம்ப்ல மெதுவா ஏத்துவேன். அப்புறம், வெயில். காலையில கொண்டாந்து வாசல்ல வச்சா என்ன ஆகும்? ஜாடி உடைஞ்சா யாரு பொறுப்பு? யாரு கையெழுத்துப் போட்டு வாங்குறது? ஸ்கோப்பே கிளியரா இல்லையே." பிறகு மரிசெல்லிடம் திரும்பி, டெலிவரியை ரத்து செய், நாங்கள் புது விலையே தருகிறோம் என்று சொன்னார்.

மரிசெல் அவரையே பார்த்தாள். அவள் வாழ்க்கையில் இறக்கிய விலையை ஏற்றிக் கேட்ட வாடிக்கையாளர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"சார், நீங்க எந்தக் கட்சிங்க?" பாஸ்கருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நாங்க அனுப்பிச்ச ஆளா, கடைக்காரன் ஆளா?"

மரிசெல்லுக்குத் தமிழ் தெரியாது, குரல் உயர்ந்தது தெரியும். சண்டையைத் தணிக்கிறோம் என்று நினைத்து, கையைப் பிசைந்தபடி விளக்கினாள். தப்பாக நினைக்க வேண்டாம், சனிக்கிழமை இடப் பற்றாக்குறை. போன வாரமும் சர் முரளி தனியாக வந்திருந்தார். மிச்சம் மூன்று நாற்காலியையும் யாருக்கும் தரவில்லை. ஒரு ஜெர்மன் குடும்பம் கேட்டது, ஆள் வருகிறார்கள் என்றார். இன்னொரு கூட்டம் கேட்டது, வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். கடை மூடும் வரை ஒரு இஞ்சி சோடாவோடு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துத்தான், மேசையாவது மிச்சமாகட்டும் என்று முதலாளிக்கு டெலிவரி யோசனை வந்தது.

ஜெயசீலன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "போன வாரமா? நாங்க வாறோம்னு யாரு சொன்னா சார்?"

"யாரும் சொல்லல ஜெயசீலன்." முரளி சார் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். "வீட்ல இருக்க முடியல. வேற எங்க போறதுன்னும் தெரியல. வந்துட்டேன். வந்தப்புறம் நாற்காலியைக் குடுக்க மனசு வரல."

ஜெயசீலன் தன் காலி ஜாடியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கிடார்காரன் வேறு, பாட்டை அப்போது பார்த்துத்தானா நிறுத்த வேண்டும்.

பாஸ்கர் எழுந்தார். மேசை மேல் வரிசையாக வைத்திருந்த ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காலுக்கடியில் வைத்தார். லாபம் இல்லாத இடத்தில் தும்மக்கூட மாட்டார் என்று நாங்கள் கேலி செய்கிற ஆள் அவர்.

"மரிசெல், டெலிவரி வேண்டாம். ஜாடியும் வேண்டாம்," என்றார் ஆங்கிலத்தில். "கிளாஸில் கொண்டு வாருங்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. அவசரமே இல்லை."

முரளி சார் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "யோவ் பாஸ்கர், பழைய விலைக்கு ஜாடி குடுக்கறேங்கறா. அதை விட்டுட்டுக் கிளாஸ்ல வாங்கினா லிட்டருக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?"

"தெரியுமுங்க சார்," என்றார் பாஸ்கர். "உக்காருங்க."

நஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்த முரளி சார், சொல்லாமல் உட்கார்ந்தார்.